முட்டை அப்பம், பிளேன்டீ, தம்பிலி: கண்ணில் படுகிற சாமானைக் குரோஷேயில் பின்னுவது எப்படி

எங்கள் வெள்ளவத்தை வீட்டில் கதவைத் திறந்ததும் ஒரு சின்ன மேசை, அதன் மேல் ஒரு முட்டை அப்பம். பருத்தி நூலில் பின்னியது. வீட்டுத் திறப்பும் பஸ்ஸில் தந்த மிச்சக் காசும் அதற்குள்தான் கிடக்கும். வருகிறவர்கள் ஒரு தரம் குனிந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள், மேல்மாடிப் பொடியன் ஒருவன் மஞ்சள் கருவை விரலால் குத்தியே பார்த்தான். எப்படிப் பின்னினது என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக எழுதி அலுத்துவிட்டது, அதனால் முழுவதையும் இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

குரோஷேயில் செயின், சிங்கிள் என்கிற இரண்டு அடிப்படைக் கண்ணியும் போடத் தெரியும் என்ற இடத்திலிருந்து தொடங்குகிறேன். அதுவும் தெரியாது என்றால் தெரிந்த யாருடையதாவது கையைப் பார்த்து ஒரு பின்னேரம் பழகிவிட்டு வாருங்கள், அதை எழுத்தில் விளங்கப்படுத்துவது நீச்சலைக் கடிதத்தில் படிப்பிக்கிற மாதிரி.

முதல் வேலை, பேட்டர்ன் தேடுவதை நிறுத்துங்கள். இணையத்தில் கிடைப்பதெல்லாம் கள்ளிச்செடி, டோனட், காளான். எங்கள் வீட்டில் இது மூன்றும் இல்லை. குசினிக்குப் போய்க் கண்ணில் படுகிற ஒரு சாமானைக் கையில் எடுங்கள். அது எங்கே விரிகிறது, எங்கே நேரே நிற்கிறது, எங்கே ஒடுங்குகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். விரிகிற இடத்தில் கண்ணியைக் கூட்ட வேண்டும், அதாவது ஒரே கண்ணிக்குள் இரண்டு போட வேண்டும், நேரே நிற்கிற இடத்தில் எண்ணிக்கையை மாற்றக்கூடாது, ஒடுங்குகிற இடத்தில் குறைக்க வேண்டும். வட்டமாகச் சுற்றிப் பின்னுகிற எதற்கும் இவ்வளவுதான் ரகசியம். தம்ளர் என்றால் அடி விரிகிறது, சுவர் நேரே போகிறது. தேங்காய் என்றால் விரிந்து, நின்று, ஒடுங்குகிறது. அப்பம் விரிந்துகொண்டே போய், கடைசியில் விரிய மனமில்லாமல் மேலே எழும்புகிறது.

எவ்வளவு கூட்டுவது என்பதற்குத்தான் 6 என்ற கணக்கு. நடு வளையத்தில் 6 சிங்கிள், அடுத்த சுற்று 12, பிறகு 18, 24, 30 என்று ஒவ்வொரு சுற்றுக்கும் 6 கூட்டினால் வட்டம் தட்டையாகக் கிடக்கும். ஏன் 6? பள்ளிக்கூடத்தில் சாதாரண தரத்துக்குப் படித்த அதே வட்டக் கணக்குத்தான். ஒவ்வொரு சுற்றிலும் ஆரை ஒரு கண்ணியின் உயரத்தால் கூடுகிறது, அப்போது சுற்றளவு அந்த உயரத்தைப்போல 6.28 மடங்கு கூட வேண்டும், சிங்கிள் கண்ணி கிட்டத்தட்டச் சதுரம், ஆகவே 6. டபுள் கண்ணி, அதாவது ஊசியில் நூலை முதலில் ஒரு தரம் சுற்றிக்கொண்டு போடுவது, இரண்டு மடங்கு உயரம், அதனால் அதற்கு 12. அந்தப் பாடம் எனக்கு இருபது வருடம் கழித்து ஒரு அப்பத்தில்தான் விளங்கியது, அது வேறு கதை. 6க்குக் குறைவாகக் கூட்டினால் விளிம்பு கிண்ணமாக மேலே வரும், அதிகமாகக் கூட்டினால் பாவாடைக் கரை மாதிரி அலையும். இரண்டும் பிழையில்லை, வேண்டுமென்று செய்தால். சிலருக்குக் கை இறுக்கம், சிலருக்குக் கண்ணி நீளமாக விழும், அப்படியானவர்களுக்கு 6 போட்டும் வட்டம் குழியலாம், 7 போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, கூட்டுகிற இடங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தால் வட்டம் அறுகோணமாகிவிடும். ஒரு சுற்றில் தொடக்கத்திலேயே கூட்டினால் அடுத்த சுற்றில் இரண்டு மூன்று கண்ணி தள்ளிக் கூட்டுங்கள். சுற்றின் முதல் கண்ணியில் ஒரு சேஃப்டி பின் குத்தி வையுங்கள், அதற்கென்று விற்கிற பிளாஸ்டிக் மார்க்கர் எல்லாம் தேவையில்லை.

இனி நூல். புறக்கோட்டையில் மெயின் வீதியிலிருந்து பிரிகிற குறுக்குத் தெருக்களில் லேஸ், பொத்தான், நூல் என்று நடந்து பார்த்து வாங்குவதுதான் எனக்குப் பிடிக்கும், விலை கேட்டு அடுத்த கடைக்கும் போகலாம். ஞாயிறும் போயாவும் போகாதீர்கள், பாதிக்கு மேல் பூட்டியிருக்கும். மில்க் காட்டன் என்று 50 கிராம் உருண்டையாக விற்பது தொடங்குகிறவர்களுக்கு நல்லது, நிறம் நிறைய, கைக்கு மிருது. ஆனால் பெயரில் காட்டன் இருந்தாலும் அதில் அக்ரிலிக் கலந்திருக்கும், லேபலைப் பாருங்கள். திறப்புத் தட்டு, பொம்மை, தொங்கவிடுகிற சாமான் எதற்கும் அது போதும். சூடான சட்டி வைக்கிற விரிப்புக்கு மட்டும் வேண்டாம், அக்ரிலிக் சூட்டில் உருகும், அதற்கு முழுப் பருத்தி வேண்டும், அதையும் இரண்டு தட்டாகப் பின்ன வேண்டும்.

லேபலில் நிறத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும், சாயம் போட்ட தொகுதியின் எண். ஒரே நிறத்தில் இரண்டு உருண்டை எடுத்தால் அந்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு கடையில் "அதே நிறம்தான் மிஸ்" என்று தந்ததை நம்பி வாங்கி வந்து, பாதிக் குஷன் ஒரு பழுப்பும் மீதி வேறு பழுப்புமாக முடிந்தது. மின்விளக்கில் தெரியவில்லை, பல்கனி வெளிச்சத்தில் தெரிந்தது. அதிலிருந்து உருண்டையை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்து வெயிலில் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பேன்.

ஊசி, முனையில் கொக்கி உள்ள குரோஷே ஊசி, 2.5 அல்லது 3 மில்லிமீற்றர். லேபலில் அதைவிடப் பெரிதாகப் போட்டிருப்பார்கள், அது உடுப்புக்கு. நாங்கள் பின்னுவது தானாக நிற்க வேண்டிய சாமான், அதனால் ஓர் அளவு சிறியதை எடுத்து இறுக்கமாகப் பின்ன வேண்டும். கண்ணிகளுக்கு நடுவில் பஞ்சு எட்டிப் பார்த்தால் ஊசி பெரிது என்று அர்த்தம். கடலுக்குக் கிட்ட இருக்கிறவர்கள் அலுமினிய ஊசி வாங்குங்கள். அம்மம்மாவின் பழைய இரும்பு ஊசி காலி வீதியின் கடல் பக்கத்துக்கு வந்து இரண்டு வருடத்தில் துருவேறி, வெள்ளை நூலில் பழுப்புக் கோடு போட்டது.

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். கான்வென்ட் தையல் வகுப்பிலோ பழைய ஆங்கிலத் தையல் புத்தகத்திலோ படித்தவர்கள் டபுள் குரோஷே என்று சொல்வதும், யூடியூப்பில் சிங்கிள் குரோஷே என்று சொல்வதும் ஒன்றேதான். முன்னது பிரித்தானிய வழக்கு, பின்னது அமெரிக்க வழக்கு. தெரியாமல் மாற்றிப் போட்டால் அப்பம் இரண்டு மடங்கு உயரத்துக்கு வளர்ந்துவிடும். நான் இங்கே அமெரிக்க வழக்கில் எழுதுகிறேன்.

சரி, அப்பத்துக்கு வருவோம். முதலில் ஒரு உண்மையான முட்டை அப்பத்தை வாங்கி, சாப்பிடாமல் ஐந்து நிமிடம் பாருங்கள். கஷ்டம்தான். நடுவில் வெள்ளை தடிப்பாக இருக்கும், கொஞ்சம் வெளியே போகப் போக வெள்ளை மங்கித் தந்த நிறமாகும், பிறகு பொன் பழுப்பு, விளிம்பில் கடும் பழுப்பு, அங்கே மா மெல்லிசாகி ஓட்டை ஓட்டையாக லேஸ் மாதிரி நிற்கும். அந்த ஓட்டை விளிம்புதான் அப்பத்தின் அடையாளம், அதைப் பின்னாவிட்டால் அது வெறும் கிண்ணம். ஆகவே நான்கு நிறம் வேண்டும், மஞ்சளோடு ஐந்து. மஞ்சள் நூல் ஒரு கைப்பிடி போதும், பழைய மிச்சத்தில் பாருங்கள்.

வெள்ளையில் மேஜிக் ரிங், அதாவது வாலை இழுத்தால் இறுகுகிற நூல் வளையம், போட்டு அதற்குள் 6 சிங்கிள். பிறகு 12, 18, 24, 30, 36, 42, இத்தோடு 7 சுற்று. இனித் தந்த நிறத்துக்கு மாறி 48, 54, 60. இதுவரை தட்டை. மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், எங்காவது எழும்பினால் இப்போதே பிரிப்பது நல்லது. 11ஆவது சுற்றிலிருந்து கிண்ணம் தொடங்குகிறது: ஒரு சுற்றில் கூட்டுவதில்லை, அடுத்த சுற்றில் 6 கூட்டுவது. அதாவது 11இல் 60ஆகவே போங்கள், 12இல் ஒன்பது சிங்கிள் போட்டுப் பத்தாவது கண்ணியில் இரண்டு, இப்படி ஆறு தரம், 66 வரும். 13 அப்படியே 66. 14இல் பொன் பழுப்புக்கு மாறிப் பத்து சிங்கிள், பதினொராவதில் இரண்டு, 72. 15 அப்படியே 72. விளிம்பு தானாக மேலே எழும்பி நிற்பது இப்போது தெரியும்.

நான் முதல் தரம் பின்னியபோது 6ஆவது சுற்றிலேயே கூட்டுவதை நிறுத்திவிட்டேன், அப்பம் சின்னதாக இருந்தால் வடிவு என்று நினைத்து. வந்தது ஒரு தொப்பி. தங்கச்சி அதைத் தலையில் வைத்துப் பார்த்துவிட்டு, பொம்மைக்குத்தான் சரி என்றாள். பொம்மைக்கே போட்டாயிற்று.

நிறம் மாற்றும்போது ஒரு சின்ன நுணுக்கம். பழைய நிறத்தின் கடைசிக் கண்ணியை முழுதாக முடிக்காமல், ஊசியில் இரண்டு வளையம் நிற்கும்போதே புது நூலை இழுத்து முடியுங்கள். அப்போதுதான் அடுத்த கண்ணியின் தலை புது நிறத்தில் விழும், இல்லாவிட்டால் எல்லையில் ஒரு பல் நீட்டிக்கொண்டு நிற்கும். அப்பத்தில் அது தெரிந்தாலும் குறையில்லை என்பேன், மா எங்கே நேர்கோட்டில் வேகிறது.

இனி லேஸ் விளிம்பு. கடும் பழுப்பு நூலை ஒரு ஸ்லிப் ஸ்டிச்சில் (கண்ணிக்குள்ளால் இழுத்த நூலை அப்படியே ஊசியிலுள்ள வளையத்துக்குள்ளாலும் இழுப்பது) பிடித்து 4 செயின் போடுங்கள், இதில் மூன்று முதல் டபுளாகவும் ஒன்று இடைவெளியாகவும் கணக்கு. ஒரு கண்ணி விட்டு அடுத்ததில் ஒரு டபுள், ஒரு செயின், மறுபடி ஒரு கண்ணி விட்டு ஒரு டபுள், ஒரு செயின். சுற்றி வந்தால் 36 ஜன்னல் இருக்கும், தொடக்கச் செயினின் மூன்றாவது கண்ணியில் ஸ்லிப் ஸ்டிச்சால் இணையுங்கள். கடைசிச் சுற்று, ஒவ்வொரு ஜன்னலுக்குள்ளும் இரண்டு சிங்கிள், இடையிடையே 3 செயின் போட்டு அதே இடத்தில் ஸ்லிப் ஸ்டிச், அப்போது ஒரு குட்டி முள் வரும். இந்த முள்ளை ஒழுங்காக இரண்டு ஜன்னலுக்கு ஒன்று என்று வைக்காதீர்கள். இரண்டு பக்கத்துப் பக்கத்தில், பிறகு ஐந்து ஜன்னலுக்கு ஒன்றுமில்லை, பிறகு ஒன்று. ஒரு இடத்தில் ஜன்னலுக்குள் ஒன்றுமே போடாமல் 3 செயினால் தாண்டிப் போங்கள், அது அப்பச்சட்டியில் ஒட்டிப் பிய்ந்த இடம். ஒழுங்காகப் பின்னிய அப்பம் டொய்லி மாதிரி இருக்கும், எனக்கு அது பிடிக்காது. பழைய வீடுகளில் டிவிக்கு மேலே விரித்துக் கிடந்த வெள்ளை டொய்லிகளே போதும்.

மஞ்சள் கரு தனியாக. 6, 12, 18, பிறகு கூட்டாமல் இன்னொரு 18. நூலை ஒரு முழம் விட்டு வெட்டி, உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்து அந்த வாலாலேயே தைத்துவிடுங்கள். சரி நடுவில் தைக்க வேண்டாம், ஒரு பக்கம் அரை விரல் தள்ளி. முட்டை ஒருநாளும் நடுவில் விழுவதில்லை.

இப்படியே வைத்தாலும் நிற்கும், ஆனால் திறப்பின் பாரத்தில் விளிம்பு இரண்டு மாதத்தில் சோர்ந்துவிடும். அதனால் விறைப்பாக்க வேண்டும். முன்னைய ஆட்கள் சீனிப் பாகில் முக்கி உலர்த்துவார்கள், நானும் பெரியம்மாவின் சொல்லைக் கேட்டு அதைத்தான் செய்தேன். மூன்றாம் நாள் காலையில் கதவடியிலிருந்து மேசைக்கால் வரைக்கும் எறும்பு வரிசை. கஞ்சி போட்டால் எறும்புக்குப் பதில் கரப்பான், ஈரக் காலத்தில் பூஞ்சணமும் சேர்ந்துவரும். இந்த ஊருக்கு மரவேலைக்குப் பாவிக்கிற வெள்ளைப் பசைதான் சரி. பசை ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து, விளிம்பை மட்டும் நனைத்துப் பிழியுங்கள். ஒரு சின்னச் சட்டியைக் கவிழ்த்து அதன் மேல் பிளாஸ்டிக் பை ஒன்றை இழுத்து மூடி, அப்பத்தை அதன் மேல் கவிழ்த்துப் போட்டு, விளிம்பை விரலால் அங்கங்கே வெளியே வளைத்துவிடுங்கள். ஒரு நாளில் காயும், மழை என்றால் இரண்டு நாள். பசை போட்ட பகுதியைப் பிறகு நனைக்கக் கூடாது, மறுபடி இளகும். ஆகவே குளிர்ந்த கிளாஸ் வைக்கிற விரிப்பாகப் பின்னுகிறவர்கள் பசையே போடாமல், 60 கண்ணியில் தட்டையாக நிறுத்தி, விளிம்புக்கு முள் சுற்று மட்டும் போடுங்கள். அப்பத்துக்குப் பதில் அது ரொட்டி மாதிரி இருக்கும், பரவாயில்லை.

அப்பம் கைக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். பிளேன்டீ கிளாஸ், பேனா போடுவதற்கு. உள்ளே ஒரு வெற்று ஜாம் போத்தல் வைத்தால் தானே நிற்கும். சிவந்த பழுப்பு நூலில் 6, 12, 18 என்று போய், போத்தலின் அடியை அந்த வட்டத்தின் மேல் வைத்துப் பார்த்து, இரண்டும் ஒரே அளவானதும் கூட்டுவதை நிறுத்துங்கள். எண்ணிக்கையை நான் சொல்லமாட்டேன், போத்தல் சொல்லும். அடுத்த சுற்றை மட்டும், கண்ணியின் தலையில் தெரிகிற இரண்டு இழையில் பின்னதில் மட்டும் போட்டால் அடி மடிந்து கூர்மையான விளிம்பு வரும், அதன் பிறகு கூட்டாமல் நேரே மேலே. முக்கால் உயரம் வரை தேநீர், மீதிக்கு வெளிர் சாம்பல், அது வெறும் கிளாஸ். பால் தேநீர் வேண்டும் என்றால் நிறத்தை மாற்றி, நடுவில் வெள்ளையில் இரண்டு சுற்று நுரை வையுங்கள். இதற்குள் மெழுகுவர்த்தி ஏற்றி வைக்கிற படங்கள் இணையத்தில் நிறைய, தயவுசெய்து செய்யாதீர்கள், நூல் எரியும்.

தம்பிலிக் குலை, அதாவது செவ்விளநீர்க் குலை, சுவரில் தொங்கவிட. செவ்விளநீரின் நிறம் தோடம்பழ நிறம் இல்லை, அதைவிட மஞ்சள் சாய்ந்தது, ஆகவே வீதியோரத்தில் குலையோடு வைத்து விற்கிற இடத்துக்கு நூல் துண்டைக் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்த்தேன். விற்கிறவர் சிரித்தார், இரண்டு குடித்துவிட்டு வந்தேன். ஒன்றுக்கு 6, 12, 18, 24, 30 என்று விரித்து, 30இலேயே 8 சுற்று நேரே போய், பிறகு 24, 18 என்று குறையுங்கள். 18இல் நிறுத்திப் பஞ்சை அடைத்து, 12, 6 என்று மூடுங்கள். குறைக்கும்போது இரண்டு கண்ணியின் முன் இழைகளை மட்டும் ஊசியில் எடுத்து ஒன்றாக முடித்தால் ஓட்டை தெரியாது. பஞ்சை நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக அடைத்துவிடுங்கள், ஆனால் பழைய தலையணையின் இலவம் பஞ்சு வேண்டாம், கழுவினால் கட்டியாகிவிடும். பொலியெஸ்டர் பஞ்சு நல்லது. தலையில் பச்சையில் 6, 12 என்று ஒரு குட்டி மூடி தைத்து, ஐந்தைத் தடித்த செயினில் கோத்துக் கட்டினால் குலை.

பாண் குஷனுக்கு வட்டக் கணக்கே தேவையில்லை, நீள்சதுரங்களைப் பின்னித் தைப்பதுதான். மேலே கடும் பழுப்பு. ஒன்றோடொன்று ஒட்டி வெந்து பிய்த்தெடுத்த பக்கங்கள் வெளிர், அங்கே மட்டும் 5 மில்லிமீற்றர் ஊசியில் தளர்வாகப் பின்னினால் அந்தப் பஞ்சுத் தன்மை வரும். 450 கிராம் பாணின் அளவிலேயே செய்தால் விளையாட்டுச் சாமான், இரண்டு மடங்காகச் செய்தால் முதுகுக்கு.

எல்லாரும் கேட்பது ஓட்டோ. அதை முதல் வேலையாகத் தொடாதீர்கள். கூரை, கண்ணாடி, மூன்று சில்லு, எல்லாம் தனித்தனித் துண்டு, பின்னுவதைவிடத் தைப்பது அதிகம், உள்ளே கம்பி அல்லது மட்டை வைக்காவிட்டால் கூரை சரியும். நான் ஒன்று தொடங்கி மூன்று மாதமாகச் சில்லு இல்லாமல் நிற்கிறது.

விற்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: அசல் குரோஷேயை மெஷினில் பின்ன முடியாது, கடையில் மலிவாகத் தொங்குகிற குரோஷேயும் எங்கேயோ யாரோ ஒருவருடைய கைதான். ஒரு அப்பத்துக்கு எனக்கு மூன்று மணி நேரம் போகிறது. நூல் காசை மட்டும் கணக்குப் பார்த்து விலை சொல்லாதீர்கள், சொந்தக்காரர்களுக்குச் சொல்லும்போது கூட.

கழுவுவது குளிர்ந்த தண்ணீரில், கையால். கடும் நிறம் சேர்ந்ததை முதலில் ஒரு மூலையில் ஈர வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள், சாயம் இறங்கினால் அதைக் கழுவ வேண்டாம், தூசியை மட்டும் தட்டுங்கள். பிழிந்து முறுக்காமல் துவாயில் சுற்றி அழுத்தி, தட்டையாக வைத்து உலர்த்துங்கள். மே தொடங்கி செப்ரெம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவமழை, அப்போது பஞ்சு வைத்ததைக் கழுவவே வேண்டாம், வெளியே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் கிடந்து நாறும். அலுமாரிக்குள் வைப்பதென்றால் சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா பைகளைச் சேர்த்து வைத்து நடுவில் போடுங்கள். என்னுடைய முதல் தம்பிலிக் குலை ஒரு ஜூன் மாதம் முழுக்க மூடிய பெட்டிக்குள் கிடந்து கறுப்புப் புள்ளியோடு வெளியே வந்தது. எலுமிச்சை, வெயில், சோடா எல்லாம் போட்டுப் பார்த்தேன், போகவில்லை. நன்றாகப் பழுத்த குலை என்று சொல்லி அதைக் குசினி வாசலில் தொங்கவிட்டிருக்கிறேன்.